மண்டபத்தில் ஸ்லைட் போட்டால் தமிழ் உடைகிறது, ஒலியும் வரவில்லை. உதவுங்கள்

வாவிக்கரை டீச்சர்:
வணக்கம். உயர்தர மாணவர்களுக்கு மட்டக்களப்பு வாவியைப் பற்றிப் பேச ஒரு பவர்பொயின்ட் செய்திருக்கிறேன். கண்டல் காடு, இறால் பண்ணை, கல்லடிப் பாலத்தடிப் பாடுமீனின் ஒலிப்பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒத்திகை பார்க்க மண்டபத்துக்குப் போனபோது அங்குள்ள கணினியில் பென்டிரைவைப் போட்டுத் திறந்தால், தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறது. என் லெப்டொப்பை எச்டிஎம்ஐ வயரில் கொளுவினால் எழுத்துச் சரி. ஆனால் பாடுமீன் ஒலி எங்கேயும் கேட்கவில்லை. மண்டப ஸ்பீக்கர் வயரை லெப்டொப்பின் ஹெட்போன் துளையில்தான் குத்தினோம். ஸ்லைடுக்குக் கீழே எழுதிய குறிப்புகளும் எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி. பிள்ளைகளுக்கு அந்த ஒலியை எப்படியாவது கேட்க வைக்க வேண்டும்.

ஆரையம்பதி:
டீச்சர், நீங்கள் பாமினியில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அரைப்புள்ளிதான் அதில் மெய்யெழுத்தின் புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை கழன்று உள்ளே இருப்பது தெரிகிறது. இணையத்தில் பாமினியை யுனிகோட்டுக்கு, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறைக்கு, மாற்றித் தரும் மாற்றிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பெட்டியாக எடுத்து மாற்றி, நிர்மலா யூஐ எழுத்துருவில் போடுங்கள். விண்டோஸ் 8 முதல் அது கணினியோடே வருகிறது. ஆங்கிலச் சொற்களை மாற்றிக்குள் போட்டுவிடாதீர்கள், அவையும் தமிழாகிக் குழம்பிவிடும். மாற்றிய பிறகு பெட்டிக்குள் வரிகள் அடங்குகின்றனவா என்றும் பாருங்கள், யுனிகோட் எழுத்து அகலமாக வரலாம்.

காரைதீவு சவுண்ட்:
ஒலிக்கு வருவோம். எச்டிஎம்ஐ வயர் படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். அதைக் கொளுவியதும் விண்டோஸ் பெரும்பாலும் ஒலியைப் புரொஜெக்டர் பக்கம் திருப்பிவிடும். பல புரொஜெக்டர்களில் ஸ்பீக்கரே இல்லை, இருந்தாலும் மண்டபத்துக்குப் போதாது. கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, லெப்டொப்பின் சொந்த ஒலியைத் தெரிவுசெய்யுங்கள். ஹெட்போன் துளையில் இருக்கும் வயர் அப்போது வேலை செய்யும். விஜிஏ வயரென்றால் இந்தத் தொல்லை இல்லை, அது ஒலியைக் கொண்டுபோகாது. இன்னொன்று, லெப்டொப் ஒலியைக் கூட்டிவைத்து மண்டபத்தின் ஒலி மிக்சரில் குறைவாகத் தொடங்கச் சொல்லுங்கள். மறுபக்கமாகச் செய்தால் இரைச்சல் வரும், பாடுமீன் அதில் அமுங்கிவிடும்.

அக்கரைப்பற்று, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
குறிப்புக்கு வழி இருக்கிறது மகள். விண்டோஸ் விசையோடு பி (P) எழுத்தை அழுத்தினால் நான்கு தெரிவுகள் வரும். இரண்டிலும் ஒரே படம் காட்டும் தெரிவில் இருக்கிறீர்கள் போல. ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தெரிந்து, எஃப்5 அழுத்துங்கள். சபைக்கு ஸ்லைட் மட்டும், உங்களுக்கு ஸ்லைடும் குறிப்பும் அடுத்து வருவதும் தெரியும். இடம் மாறி வந்தால் மேலே ‘ஸ்வாப்’ என்று இருக்கும். பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்டத் தேவையில்லை: ஷிஃப்ட்டோடு எஃப்5 அழுத்தினால் நிற்கிற ஸ்லைடிலிருந்தே தொடங்கும்.

மாணவர்கள் கேள்வி கேட்கும்போது திரை கண்ணை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்போது பி (B) விசையை மட்டும் தட்டுங்கள், திரை கறுத்துவிடும். திரும்பத் தட்டினால் படம் வரும். தமிழ் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

வாவிக்கரை டீச்சர்:
மண்டபத்துக்குப் போய்ச் செய்து பார்த்தேன். ஒலி வருகிறது! எழுத்தும் சரி, குறிப்பும் தெரிகிறது. எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கரண்ட் போனால் என்ன செய்வது? இந்த நாட்களில் அடிக்கடி போகிறது.

காரைதீவு சவுண்ட்:
லெப்டொப் பற்றரியில் ஓடும், புரொஜெக்டர் அணையும். பல்பு உள்ள புரொஜெக்டரென்றால் கரண்ட் வந்ததும் உடனே எரியாது, சூடு ஆற சில நிமிடம் எடுக்கும். சுவிட்சை மாற்றி மாற்றிப் போடாமல் விடச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு கேள்வியை வைத்திருங்கள்.

ஆரையம்பதி:
கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். அதில் ஒலி ஓடாது, எழுத்து மட்டும் எங்கும் அப்படியே இருக்கும். பாடுமீன் பதிவைத் தனிக் கோப்பாக ஃபோனிலும் வையுங்கள். அந்த ஸ்லைடில் மீனின் படம் வேண்டாம், முழுக் கறுப்பாக விடுங்கள். கண்ணுக்கு வேலை இல்லாதபோது பிள்ளைகள் ஒலியை நன்றாகக் கேட்பார்கள்.