மறு: புரோட்ரோம் – ‘முன்னறிகுறி’ போதுமா?

> ‘முன்னறிகுறி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வழக்கமாக நானும் உங்கள் கட்சிதான். ஆனால் பார்க்கின்சன் நோயாளிகளின் வீட்டாருக்கான கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, புரோட்ரோமுக்கு (நோயின் முக்கிய அடையாளம் தெரியும் முன்பே சிறு குறிகள் தோன்றும் காலம்) இந்தச் சொல் இடறியது. முன்னறிகுறி என்றால் நோய் இனிமேல்தான் வரும் என்று ஆகிவிடுகிறது. இங்கே நோய் உள்ளே வந்து வருடக்கணக்காகிவிட்டது, கைநடுக்கம்தான் இன்னும் வரவில்லை.

என் பெரியப்பா ஓய்வு பெற்ற மறு வருடமே பேச்சைக் குறைத்துக்கொண்டார். மாலை டீக்கடைக்குப் போவது நின்றது. ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா என்று தினமும் கேட்பார், பெரியம்மா போட்டுத்தான் இருப்பார். வேலை போன ஏக்கம் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். ஐந்து வருடம் கழித்து, செக்கில் கையெழுத்து எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறுத்துப் போனபோதுதான் நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

ஜெர்மன் மூளை ஆய்வாளர் ஹைகோ பிராக் குழுவினர், இந்த நோய் மூளையில் பரவும் வரிசை என்று 2003-இல் வெளியிட்ட படிநிலைகளைப் பார்த்தால் இது பிடிபடும். ஆல்ஃபா-சைனுக்ளின் புரதம் திரண்டு உண்டாகும் லூயி உருண்டைகள் முதலில் மூளைத்தண்டின் அடியிலும் மோப்பப் பகுதியிலும் தெரிகின்றன, பிறகு நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைத் தரும் நீலத்திட்டு (லோகஸ் செருலியஸ்), மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின் தரும் ரேஃபே கருக்கள், அதற்கப்புறம்தான் உடல் அசைவுக்கு வேண்டிய டோப்பமின் தரும் கருந்திட்டு (சப்ஸ்டான்ஷியா நைக்ரா). எல்லோருக்கும் இதே வரிசை என்று சொல்ல முடியாது. ஆனாலும் நடுக்கத்துக்கு முன்பே மோப்பமும் மனமும் ஏன் மங்குகின்றன என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

> மனச்சோர்வை ‘இணைநோய்’ என்று எழுதலாமே?

சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அது சரி. இங்கே பார்க்கின்சனுக்கும் மனச்சோர்வுக்கும் வேரிலேயே தொடர்பு இருக்கிறது. சர்ப்பகந்திச் செடியின் வேரிலிருந்து எடுக்கும் ரெசர்பின் என்ற மருந்து மேலே சொன்ன மூன்று வேதிப்பொருள்களின் சேமிப்பையும் காலி செய்யும். 1950-களில் இரத்த அழுத்தத்துக்காக அதைச் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உடல் விறைப்பும் சிலருக்கு மனச்சோர்வும் வந்ததாக மருத்துவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

என் பரிந்துரை: அந்தக் காலகட்டத்துக்கு அரும்புநிலை, அப்போது தெரிவதற்கு அரும்புகுறி. க் போட வேண்டாம், அது வினைத்தொகை. ‘அரும்புக்குறி’ என்றால் பூ மொட்டின் அடையாளம் ஆகிவிடும். அரும்பு மங்கலச் சொல், நோய்க்கு ஆகாது என்று ஒருவர் எழுதியிருந்தார். வியர்வை அரும்பியது என்கிறோமே! உள்ளிருந்து மெல்ல வெளியே தெரிய வருவதற்கு நம்மிடம் உள்ள சொல் அதுதான்.

இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது. ‘மனச்சோர்வு பார்க்கின்சனின் முன்னறிகுறி’ என்று அச்சிட்டால், மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை ஒன்று அதைப் படித்துவிட்டு ராத்திரி தூங்காது. மனச்சோர்வு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை. ‘பார்க்கின்சனின் அரும்புநிலையில் மனச்சோர்வும் வரலாம்’ என்று எழுதினால் அந்தப் பயம் கிளம்பாது.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள். நீலத்திட்டா நீலப்புள்ளியா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.