வால்வு ஆபரேஷன்: மயக்க மருந்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது

வைகைக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது, மதுரை. சின்ன வயதில் ரூமேட்டிக் காய்ச்சல் வந்ததில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், இத்தனை வருடம் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி, மாத்திரை என்று ஓட்டிவிட்டேன். இப்போது மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, இனிமேல் தள்ளிப்போட முடியாது, நெஞ்சைத் திறந்து மெட்டல் வால்வு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் தேதி. பல் டாக்டரிடம் அனுப்பி ஒரு சொத்தைப் பல்லைக்கூடப் பிடுங்கியாகிவிட்டது.

நெஞ்சைப் பிளப்பதில்கூட எனக்கு அவ்வளவு பயம் இல்லை, மயக்க மருந்துதான். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே மரத்துப்போனாலும் நினைவு இருந்தது, டாக்டர் பேசியது, பிள்ளை அழுதது எல்லாம் கேட்டது. இதில் மூச்சையே இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் படுக்க வேண்டும். நடுவில் முழிப்பு வந்து, விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தால்?

இன்னொன்று. பல வருடங்களுக்கு முன் என் பெரியப்பா மகளுக்குக் குடல்வால் ஆபரேஷன். சின்ன வேலைதான் என்றார்கள், ஆனால் முடிந்த பிறகும் தானாக மூச்சு வராமல் ராத்திரி வரைக்கும் மெஷினில் வைத்திருந்தார்கள். மருந்தை அதிகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்று வீட்டில் இன்றைக்கும் பேசுவார்கள். அவள் இப்போது நன்றாக இருக்கிறாள், ஆனாலும் எனக்கு அதேதான் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் சும்மா எதையாவது யோசிக்காதே என்கிறார். பெரிய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மழுப்பாமல் சொல்லுங்கள்.

முத்துநகர்:
தங்கச்சி, எனக்கு பைபாஸ் நடந்தது. மயங்குவது ஒரு விஷயமே இல்லை. பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள், கை சுரீரென்று எரிந்தது, மயக்க டாக்டர் ஊர் எது என்று கேட்டார், தூத்துக்குடி என்று முழுதாகச் சொல்லி முடித்தேனா என்றுகூடத் தெரியாது. அப்புறம் ஐசியு. நடுவில் கனவுகூட இல்லை.

கஷ்டம் எழுந்திருக்கும்போதுதான், அதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன். முழிப்பு வரும்போது வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று கையை லேசாகக் கட்டியிருப்பார்கள். இது தெரியாமல் கண் திறந்தால் அய்யோ ஏதோ ஆகிவிட்டது என்று தோன்றும், எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் குழாய் மூச்சு விடுவதற்குத்தான், அதை எதிர்த்து இருமாமல் மெஷின் போக்கிலேயே விட்டுவிட்டால் பாதி அவஸ்தை குறையும். நர்ஸ் கையை அழுத்து, தலையைத் தூக்கு என்பார், செய்து காட்டினால் சீக்கிரம் எடுப்பார்கள். எடுத்த பிறகு தாகம் பாருங்கள், அப்படி ஒரு தாகம்! தண்ணீர் தர மாட்டார்கள், பஞ்சை நனைத்து உதட்டில் வைப்பார்கள். தொண்டை கொஞ்ச நாள் கரகரவென்று இருந்தது, அவ்வளவுதான்.

கருப்பசாமி துணை:
கூகுள் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். குலதெய்வத்துக்கு ஒரு ரூபாய் முடிந்து வைத்துவிட்டுப் போங்கள். டாக்டருக்குத் தெரியாததா? பெரியப்பா மகள் கதையெல்லாம் அங்கே போய்ச் சொல்லி அவர்களையும் குழப்பாதீர்கள்.

கோவை ஓடி:
மேலே எழுதிய அண்ணன் மன்னிக்க வேண்டும், முடிந்து வையுங்கள், அதில் எனக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் அந்தக் கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நான் அனஸ்தீசியா டெக்னீஷியன், தியேட்டரில்தான் வேலை. மயக்க டாக்டர் ஆபரேஷனுக்கு முன் உங்களைப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்வார், ஆடும் பல் இருக்கிறதா, பல் செட்டா, குறட்டை விடுவீர்களா என்று கேட்பார். அதோடு உங்களுக்கோ ரத்த சொந்தத்தில் யாருக்கோ மயக்க மருந்தில் பிரச்சினை வந்ததா என்றும் கேட்பார். நம் ஆட்கள் பெரும்பாலும் யோசிக்காமல் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் அக்காவோ தங்கையோ, அவருக்கு மருந்து அதிகமாகிவிட்டது என்பது வீட்டில் சொல்வது. எனக்கு அதில் வேறு ஒரு சந்தேகம் வருகிறது. குழாய் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்த ஸ்கோலின் என்று ஒரு ஊசி உண்டு. பத்து நிமிடத்துக்குள் அதன் வேலை முடிந்துவிடும், ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி சரியாக வேலை செய்யாது. அவர்களுக்குச் சரியான அளவில் கொடுத்தாலும் மணிக்கணக்கில் தசை அசையாது, மூச்சு வராது. மருந்து தானாக இறங்கும்வரை தூங்கவைத்து மெஷினில் வைத்திருப்பார்கள், பிறகு ஒரு கோளாறும் இருக்காது. இது குடும்பத்தில் வரக்கூடியது. சாதியைக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள், தென்னிந்தியாவில் ஆரிய வைசியர்களிடம் இது மற்றவர்களைவிட அதிகம் என்று ஆய்வுகளில் வந்திருக்கிறது, அதனால்தான் எங்கள் தியேட்டரில் அந்தச் சமூகத்தினர் என்றால் தனியாகக் கேட்டுக்கொள்வோம். அந்த நொதியின் பெயர் கோலினெஸ்டரேஸ், அதன் அளவைப் பார்க்க ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

நடுவில் முழிப்பு வருவது பற்றி. வருவது உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2014ல் வந்தது, நோயாளிகள் தாங்களாக வந்து சொன்னதை வைத்துப் பார்த்தால் சுமார் 19,000 பேரில் ஒருவர். நேரில் துருவித் துருவிக் கேட்ட ஆய்வுகளில் இதைவிட அதிகம், இதய ஆபரேஷனிலும் கொஞ்சம் அதிகம்தான். அதனால்தான் பல இடங்களில் நெற்றியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மூளை எவ்வளவு ஆழத்தில் தூங்குகிறது என்று பார்க்கிறார்கள். அது இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஊசியைப் போட்டுவிட்டு மயக்க டாக்டர் டீ குடிக்கப் போய்விடுவார் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கடைசித் தையல் வரை தலைமாட்டை விட்டு அசைய மாட்டார்.

செம்பருத்தி:
நான் ஒன்று சேர்க்கிறேன். அப்பாவுக்கு 71 வயதில் பெரிய ஆபரேஷன், இரண்டாம் நாள் ராத்திரி ஐசியுவில் என்னையே யார் என்று கேட்டார், சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார், டியூபை இழுத்தார். பயந்தே போனோம். வயதானவர்களுக்கு இப்படி வருவது சகஜம், சில நாளில் சரியாகிவிடும் என்றார்கள், சரியாகிவிட்டது. கண்ணாடியையும் காது மெஷினையும் சீக்கிரம் மாட்டிவிட்டதும் நன்றாக உதவியது. உங்கள் வயதுக்கு வாய்ப்பு குறைவு, இருந்தாலும் பார்க்க வரும் வீட்டுக்காரருக்கு முன்பே சொல்லி வையுங்கள், அவர்தான் மிரண்டு போவார்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கோவை ஓடி, நாங்கள் நீங்கள் சொன்ன அந்தச் சமூகம்தான். படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. பெரியம்மாவிடம் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு இருக்கிறதா என்று தேடச் சொல்லியிருக்கிறேன். எனக்கும் அது இருந்தால் ஆபரேஷனே செய்ய முடியாதா? இன்னும் இரண்டு: தாலியைக் கழற்றத்தான் வேண்டுமா, மாமியார் கூடவே கூடாது என்கிறார். ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறேன், அதோடு மூட்டுவலிக்குச் சித்த மருந்து ஒன்றும்.

செம்பருத்தி:
தாலிக்கு மட்டும் நான் சொல்கிறேன். கரண்ட் வைத்து ரத்தக் குழாயைச் சுடுவார்கள், உலோகம் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தால் அந்த இடம் வெந்துபோக வாய்ப்பு இருக்கிறது, நெஞ்சு ஆபரேஷனில் அது கிடக்கும் இடமும் அதுதானே. முதல் நாளே தாலியைக் கழற்றிச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு, வெறும் மஞ்சள் கயிறை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேளுங்கள், பல இடங்களில் விடுவார்கள். மெட்டி, மூக்குத்தியை இப்போதே கழற்றிப் பாருங்கள், பல வருடம் போட்டது அன்றைக்குக் காலையில் வராது. மருதாணி, நகப்பூச்சு வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப் சரியாகக் காட்டாமல் போகலாம்.

கோவை ஓடி:
அந்த நொதிக் குறை இருந்தாலும் ஆபரேஷனைத் தாராளமாகச் செய்யலாம். ஸ்கோலினுக்குப் பதில் வேறு மருந்துகள் இருக்கின்றன, இதய ஆபரேஷனில் பெரும்பாலும் அவற்றைத்தான் போடுகிறார்கள். ஆனால் நாளைக்கே அவசரமாக வேறு எங்காவது வேறு ஆபரேஷன் என்றால் அங்கே யாருக்கும் தெரியாது, அதனால் பரிசோதனையில் குறை என்று வந்தால் ஒரு அட்டையில் எழுதி வாங்கிப் பர்ஸில் வையுங்கள், உங்கள் பிள்ளைகளுக்கும் பார்த்துவிடுங்கள்.

அசிட்ரோமை நீங்களாக நிறுத்தவும் கூடாது, முதல் நாள் வரை சாப்பிட்டுவிட்டுப் போகவும் கூடாது. எந்தத் தேதியில் நிறுத்துவது, நடுவில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் எழுதித் தருவார். சித்த மருந்தைப் பாட்டிலோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள், பெயர் தெரியாத பொடி என்றாலும் சரி. பட்டினியில் மட்டும் ஏமாற்ற வேண்டாம். கெட்டி உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பண்டம், கறி என்றால் எட்டு, வெறும் தண்ணீருக்கு இரண்டு என்பது பொதுக் கணக்கு, உங்கள் மருத்துவமனை அதைவிட அதிகம் சொன்னால் அவர்கள் சொல்வதுதான். பால் காப்பி பாலில்தான் சேர்த்தி, அரை டம்ளர் என்றாலும். பெரியம்மாவிடம் சீட்டு கிடைத்தால் அதில் மருந்துப் பெயர் என்ன இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.