அடங்க மறுக்கும் தாழ்சுரங்கள்: பியானோ அறிந்தவர்களின் உதவி தேவை

குளச்சலில், கடலுக்கு அரைக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எங்கள் வீட்டு அப்ரைட் பியானோவில், வலப்புறப் பெடலிலிருந்து காலை எடுத்த பின்னும் ஆறு தாழ்சுரங்கள் உடனே அடங்குவதில்லை. 88 கட்டைகளும் மூன்று பெடல்களும் கொண்ட அது ஏறத்தாழ 40 ஆண்டுகள் பழையது. சிக்கல் கடந்த ஐப்பசி மழையின்போது தொடங்கியது.

அமெரிக்க இசையமைப்பாளர் லோவெல் லீபர்மனின் நாக்டர்ன்கள் எனப்படும் இரவிசைத் துண்டுகளைப் பயின்று வருகிறேன். இடக்கை தாழ்சுரங்களில் விரிந்து செல்ல, பெடலை மாற்றி மாற்றித்தான் ஒவ்வொரு இசைவையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதால், ஒரு சுரம் மிஞ்சினாலும் அந்த இரவின் அமைதி கலங்கிவிடுகிறது.

மேற்பலகையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால், மற்ற டேம்பர்கள் (கம்பியைத் தொட்டு ஒலியை அடக்கும், ஃபெல்ட் என்ற கம்பளித் துணி ஒட்டிய கட்டைகள்) கம்பியில் சட்டென்று அமர, இவை ஆறும் தயங்கித் தயங்கி வந்து சேர்கின்றன. பெடல் கம்பியின் திருகைத் தளர்த்தினேன். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை உள்ளே வைத்தேன். நாகர்கோவிலிலிருந்து வந்தவர் சுருதி மட்டும் சேர்த்துச் சென்றார். எண்ணெய் விடவில்லை, அது ஃபெல்ட்டைக் கெடுத்துவிடும்.

டேம்பரின் அச்சு ஈரத்தில் இறுகியிருக்கிறதா, உப்புக்காற்றில் அதன் ஸ்பிரிங் வலுவிழந்திருக்கிறதா என்பதை, உள்ளமைப்பைக் கழற்றாமலேயே எப்படிக் கண்டறிவது?