காப்-ஏ தொடாத இடத்தை எப்படி அடைக்கிறது?

கேள்வி (முதுநிலை மாணவி, தரமணி)

வணக்கம். பாக்டீரியாவுக்குள் தனியாகப் பெருகும் டி.என்.ஏ வளையமான ஆர்1 பிளாஸ்மிடின் எண்ணிக்கையைக் காப்-ஏ என்னும் சிறிய ஆன்டிசென்ஸ் ஆர்.என்.ஏ (இலக்கு ஆர்.என்.ஏ-வுக்கு எதிர்ப்பொருத்தமான வரிசை கொண்டு அதனோடு இணையும் இழை) கட்டுப்படுத்துகிறது என்றும், பிளாஸ்மிட் இரட்டிப்பாவதைத் தொடங்கிவைக்கும் ரெப்-ஏ புரதம் உருவாகாமல் அது தடுக்கிறது என்றும் படித்தேன். ஆனால் வரிசையை எழுதிப் பார்த்தால், தூது ஆர்.என்.ஏ-வில் காப்-ஏ இணையும் பகுதி ரெப்-ஏ தொடங்கும் இடத்துக்கு ஏறத்தாழ 80 நியூக்ளியோடைடுகள் முன்னதாகவே இருக்கிறது. புரதம் தயாரிக்கும் ரைபோசோம் அமரும் இடத்தைத் தொடாமலேயே அதை எப்படி அடைக்க முடியும்?

மறுமொழி 1

அந்த இடத்தை அடைப்பது காப்-ஏ அல்ல, தூது ஆர்.என்.ஏ-வின் சொந்த மடிப்புதான். ரெப்-ஏ புரதத்துக்கான ரைபோசோம் இணைப்பிடம் உறுதியான கொண்டை ஊசி மடிப்பு ஒன்றுக்குள் இயல்பாகவே சிக்கிக் கிடக்கிறது. அதற்கு முன்னால் டேப் என்னும் மிகச் சிறிய பெப்டைடுக்கான (குட்டிப் புரதத்துக்கான) பகுதி உண்டு. அதைப் படித்துக்கொண்டு வரும் ரைபோசோம் போகிற போக்கில் மடிப்பைப் பிரித்துவிடுவதால்தான் ரெப்-ஏ மொழிபெயர்க்கப்படுகிறது. அங்கே பெப்டைடைவிட, அது படிக்கப்படும் செயலே தேவையானது. காப்-ஏ இணைந்தால் டேப் படிக்கப்படாது. மடிப்பும் அப்படியே நின்றுவிடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் மடிப்பே இல்லாத, பொருந்தும் வரிசை மட்டும் கொண்ட ஓர் இழை இதே வேலையைச் செய்யாதா?

மறுமொழி 2

வேகம் போதாது. காப்-ஏ, அதன் இலக்கு ஆகிய இரண்டுமே மடிந்திருப்பவை. இவற்றின் வளைய முனைகள் முதலில் ஒன்றையொன்று தொட்டு, அங்கிருந்து இணைப்பு பரவுகிறது. முழு நீளத்துக்கும் இரட்டை இழை உருவாகும் முன்பே தடை விழுந்துவிடுகிறது. காப்-ஏ விரைவில் சிதைவதும் முக்கியம். அதனால்தான் அதன் அளவு பிளாஸ்மிடின் எண்ணிக்கையை ஒட்டியே ஏறி இறங்குகிறது.

மறுமொழி 3

மடிப்பின் வலிமையை நேரில் காண விரும்பினால், வழிமுறை வேறானாலும், பி.யு.சி வகைப் பிளாஸ்மிடைப் பாருங்கள். அதில், தடுக்கும் ஆர்.என்.ஏ இணைய உதவும் ராப் புரதத்துக்கான மரபணு இல்லை, அதோடு, இரட்டிப்பைத் தொடங்க உதவும் ஆர்.என்.ஏ-2 என்னும் முன்னோடி இழையில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதால் அதன் மடிப்பு மாறி, தடுக்கும் ஆர்.என்.ஏ-1 சரியாக இணைவதில்லை. இந்த மடிப்பு மாற்றம் வெப்பநிலையைப் பொறுத்தது என்பதால், 37 டிகிரியில் பெருகும் எண்ணிக்கை 30 டிகிரியில் வெகுவாகக் குறையும். ஆனால் சென்னைக் கோடையில் இதைச் செய்வதானால் குளிரூட்டும் வசதியுள்ள ஷேக்கரை (வளர்ப்புக் குடுவைகளை ஆட்டும் கருவி) கேட்டு வாங்குங்கள்; சூடாக்க மட்டும் தெரிந்த கருவி மே மாதத்தில் 30 டிகிரிக்கு இறங்காது.