புதுப்பிப்பு: படகு டிரெய்லர் இழுக்கும் பழைய பிக்கப், கரும்புகைக்குக் காரணம் டீசல் பம்ப் இல்லை

போன பதிவின் சுருக்கம்: மெக்கானிக்கல் பம்ப் வைத்த பழைய டர்போ டீசல் பிக்கப். ஃபைபர் படகோடு கடலூர் முதுநகரிலிருந்து புதுச்சேரி வரும்போது மூணாவது கியரிலேயே கரும்புகை, இழுவை சுத்தமாக இல்லை. பம்ப் ஸ்க்ரூவைத் திறந்து டீசலைக் கூட்டலாமா என்பது கேள்வி.

கூட்ட வேண்டாம். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸில், கிளிப்புக்கு அடியில் விரல் நக நீளத்துக்குக் கீறல். ஐடிலில் மூடியே இருக்கும். பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால்தான் விரியும். காற்று வெளியே போக, டீசல் எரியாமல் புகையாகிறது. இதில் இன்னும் டீசல் ஊற்றினால் பிஸ்டன்தான் காலி.

சோதிக்க: டர்போ இன்லெட்டை அடைத்து, இன்ஜின் உள்காற்று வெளியேறும் பிரீதர் குழாயையும் தனியாக அடைத்து (விட்டால் காற்று கிராங்க்கேஸுக்குள், அதாவது இன்ஜினின் அடிப்பெட்டிக்குள் போய் ஆயில் சீலைத் தள்ளும்), ரெகுலேட்டர் வழியாக 10 பிஎஸ்ஐ மட்டும் கொடுங்கள். சோப்புத் தண்ணீர் நுரைக்கும் இடம்தான் லீக். புது ஹோஸுக்கு டி-போல்ட் கிளாம்ப் (போல்ட் போட்டு இறுக்கும் பட்டை) போடுங்கள், திருகுக் கிளிப் தளரும்.

அப்புறமும் இழுவை போதாவிட்டால், முதலில் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் வெப்பமானி. பிறகு ஸ்க்ரூவைக் கால் சுற்றுக்கும் குறைவாக. 700 டிகிரி தாண்டினால் ஆக்சிலேட்டரை விடுங்கள். கிளட்ச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள்.

டிரெய்லர் எடையில் சுமார் 10 சதவீதம் கொக்கியில் இறங்கணும். குறைந்தால் வால் ஆட்டும். ஓடி வந்த சூடான டிரெய்லர் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பாகம்) உடனே உப்புத் தண்ணீரில் இறக்காதீர்கள், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.