அப்பாவின் காலைக் கழுவிய ஃபாதர்

அப்பாவுக்குத் தொழுநோய் வந்து குணமாகிப் பல வருடம் ஆகியிருந்தது. கூட்டு மருந்தை 12 மாதமும் ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தவர், அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது. ஆனால் பாதத்தில் போன உணர்ச்சி திரும்பவில்லை. செருப்புக்குள் கல் கிடந்தாலும் தெரியாமல் நடப்பார், அப்படித்தான் உள்ளங்காலில் புண் வந்தது. நோய் போன பிறகும் சொந்தக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த ஃபாதர் மாதத்தின் முதல் வெள்ளியன்று நற்கருணை (பூசையில் கொடுக்கும் புனித அப்பம்) கொண்டுவந்தார். ஜெபம் முடிந்ததும் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன் (அதில் தப்பும் இல்லை, நோயாளிகள் அத்தனை பேர் காத்திருப்பார்கள்). இவர் தரையில் உட்கார்ந்து, "காலைக் காட்டுங்கய்யா" என்றார். அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, "வேண்டாம் சாமி, நாத்தம் அடிக்கும்" என்றார். ஃபாதர் பதில் சொல்லாமல் என்னிடம் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்ததும் முதலில் தன் முழங்கையை அதில் விட்டுச் சூடு பார்த்தார்.

கழுவிக்கொண்டே டேமியன் அடிகளாரைப் பற்றிச் சொன்னார். 1873இல், 33 வயதில், ஹவாயின் மொலோக்காய் தீவில் ஒதுக்கி வைக்கப்பட்ட தொழுநோயாளிகளோடு வாழப் போனவர். புண்ணுக்குக் கட்டுப் போட்டு, சவப்பெட்டி செய்து, குழியும் வெட்டியவர். 1884இல் ஒருநாள் கொதிக்கும் தண்ணீரில் கால் பட்டும் சுடவில்லை, அப்போதுதான் தனக்கும் வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்ததாம். அன்று மருந்து கிடையாது, 1889இல் இறந்தார். "உங்களுக்கு மருந்து கிடைச்சிடுச்சு, இனி காலை மட்டும் பத்திரமாப் பாத்துக்கணும்" என்றார் ஃபாதர். அப்பா அழுதுவிட்டார்.

அதன்பிறகு வாரம் இரண்டு தடவை வந்தார். காலைப் பூசைக்கு நான் சீக்கிரம் போன நாளெல்லாம் இருட்டிலேயே நற்கருணைப் பேழை முன்னால் முழங்காலில் இருப்பார். எங்கள் வீட்டுத் தரையில் உட்காரும் தைரியம் அங்கிருந்துதான் அவருக்கு வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாற்றலாகிப் போவதற்கு முந்தின வாரம் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, எங்காவது சூடாக, சிவப்பாக இருக்கிறதா என்று தினமும் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். அதுவரை நான் அப்பாவின் பாதத்தைத் தொட்டதே இல்லை. மறுநாள் ராத்திரி தண்ணீரோடு போனேன், அப்பா போர்வையை அவரே விலக்கிக் காலை நீட்டினார்.