பி.ஓ.டி. மூன்று நாளா, ஐந்து நாளா? மணலி லேப் ஆட்களுக்குப் பாடம் எடுக்கும் மேதைகள் கவனத்துக்கு

எண்ணூர் காத்து:
நேற்று ‘சண்டே பேட்ச்’ என்பவர் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. வேலையில் இருக்கும் லேப் டெக்னீஷியன்களுக்காக நம்ம பக்கத்துக் கல்லூரி ஒன்று கம்பெனிகளோடு சேர்ந்து நடத்துகிற சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டாராம். சந்தோஷம். ஆனால், “மணலி பிளான்ட் லேப்களில் அவசரத்துக்கு மூன்றே நாளில் பி.ஓ.டி. முடிக்கிறார்கள், ஐந்து நாள்தான் சரி” என்று எழுதியிருக்கிறார். அவசரமாம்! ஐயா, பி.ஓ.டி. என்றால் கழிவுநீரில் கிருமி அழுக்கைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சோதனை. அதற்குப் பாட்டிலை வைப்பது நம் நாட்டில் 27 டிகிரி, மூன்று நாள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3025, பாகம் 44. ஆற்றில் விடும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பே மூன்று நாள் கணக்கில்தான் இருக்கிறது.

சண்டே பேட்ச்:
உலகம் முழுக்க 20 டிகிரி, ஐந்து நாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது, ஷிப்ட் இன்சார்ஜா?

எண்ணூர் காத்து:
எந்த ஊர்ப் புத்தகம்? ஐந்து நாள் என்பது வெள்ளைக்காரன் கணக்கு. அங்கே கழிவுநீரைப் பற்றி ஆராய்ந்த ராயல் கமிஷன் 1912 அறிக்கையிலிருந்து வருகிறது. அது குளிர் பிரதேசம். இங்கே வெக்கையில் கிருமி வேகமாகத் தின்னும், அதனால் மூன்று நாள். அவசரம் என்று எழுதியதை முதலில் எடுங்க.

வேதியியல் வாத்தியார்:
நண்பர்களே, இரண்டுமே நடைமுறையில் உள்ள முறைகள்தான். பி.ஓ.டி. என்றால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் பேசிக்கொண்டால்...

எண்ணூர் காத்து:
வாத்தியார் சார், அதெல்லாம் அப்புறம். மூன்றா, ஐந்தா?

சண்டே பேட்ச்:
ஐந்து.

எண்ணூர் காத்து:
சரி, ஒன்று கேட்கிறேன். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே? ஞாயிறு பாட்டிலை இன்குபேட்டரில் வைத்தால் ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்றைக்குப் போய்த் திறந்தது யார்? நாங்கள் பிளான்ட்டில் வெள்ளிக்கிழமை வைத்துத் திங்கட்கிழமை எடுப்போம். வியாழக்கிழமை வைத்தால் ஞாயிறு ஒருத்தன் வந்தாகணும், அவன் திட்டுவான். இதெல்லாம் எந்த நோட்ஸில் இருக்கிறது?

தண்டையார்பேட்டை 81:
அண்ணே, நாள் இருக்கட்டும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் சம்பளம் ஏறுமா? எங்க கம்பெனியில் ஃபைலில் வைத்துக்கொண்டு “நல்லது” என்றார்கள், அவ்வளவுதான். ஆடிட் வந்தால் எடுத்துக் காட்ட அவங்களுக்கு ஒரு காகிதம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, கன்டெய்னர் லாரிக்கு நடுவே புகுந்து வகுப்புக்குப் போய்த் தூங்கியதுதான் எனக்கு மிச்சம்.

சண்டே பேட்ச்:
தூங்கினேன் என்று நீங்களே சொல்றீங்க. அப்புறம் வகுப்பு சரியில்லை என்றால் எப்படி?

ஆஸ்பத்திரி லேப்:
பிளான்ட் ஆட்களுக்காவது கம்பெனி பணம் கட்டுகிறது. எங்களை மாதிரி ரத்தப் பரிசோதனை லேபில் இருப்பவர்களைக் கூப்பிடக்கூட இல்லை. டி.எம்.எல்.டி. (மருத்துவ லேப் டிப்ளமோ) படித்தவர்கள் டெக்னீஷியன் இல்லையா?

எண்ணூர் காத்து:
மேடம், அது வேற சண்டை, தனியாகத் தொடங்குங்க. இங்கே மூன்று நாள். வகுப்பில் செய்முறை காட்டியவர் பாட்டிலை அடைத்துவிட்டு விளிம்பில் தண்ணீர் விடவே இல்லை என்று அதே பேட்ச் பையன் ஒருத்தன் என்னிடம் சொன்னான். அந்த நீர் அடைப்பு காய்ந்தால் காற்று உள்ளே போகும், ரீடிங் மொத்தமும் பொய். கடைசியில் ஆக்சிஜனை அளக்கும் டைட்ரேஷனில், தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு நீலம் போன பிறகு, சும்மா வைத்தால் நீலம் திரும்பி வரும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் ரெண்டு சொட்டு விட்டார்களாம்! முதல் தடவை போனதோடு நிறுத்தணும். இவர்கள் எங்களுக்கு நாள் கணக்கு சொல்கிறார்கள்.

சண்டே பேட்ச்:
சும்மா கேள்விப்பட்டதை எழுதாதீங்க. நான் நேரில் இருந்தேன், நல்லாத்தான் நடத்தினார்கள். குளுக்கோஸ், குளுட்டாமிக் அமிலம் வைத்து நம் ரீடிங் சரியா என்று சோதிப்பதை அங்கேதான் கற்றேன். உங்க லேபில் கடைசியாக எப்போது செய்தீங்க?

எண்ணூர் காத்து:
பேச்சை மாற்றாதீங்க.

வேதியியல் வாத்தியார்:
அவர் கேட்டது நியாயமான கேள்விதான். தவிர, பிளான்ட் அனுபவம் உள்ளவரே வந்து ஒரு வகுப்பு எடுத்தால்...

எண்ணூர் காத்து:
கூப்பிட்டார்கள் சார். பஸ் காசுகூடக் கிடையாது, சால்வை போடுவார்களாம். சால்வையை வைத்து இந்த வெயிலில் என்ன பண்றது?

தண்டையார்பேட்டை 81:
போன மாசம் பி.எச். மீட்டரைச் சரிபார்க்க ஒரே பஃபர் (பி.எச். முன்பே தெரிந்த கரைசல்) போதும் என்று இதே குழுவில் சாதித்ததும் காத்து அண்ணன்தான். ரெண்டு பஃபர் வேணும் என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எண்ணூர் காத்து:
அது தினசரி செக். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதே தம்பி.

தண்டையார்பேட்டை 81:
அன்றைக்கு “தினசரி” என்ற வார்த்தையே கிடையாது. ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறது, போடவா?

சண்டே பேட்ச்:
போடுங்க 81, போடுங்க! பஃபர் தெரியாதவர்தான் எங்க சாருக்கு டைட்ரேஷன் சொல்லித் தருகிறார். நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன். ஐந்து நாள்.

எண்ணூர் காத்து:
மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ரிப்போர்ட் அனுப்பும்போது ஐந்து என்று எழுதி அனுப்புங்க, என்ன வருகிறது பார்ப்போம். வெள்ளிக்கிழமை பாட்டிலைத் திறந்தது யார் என்பதற்கும் இன்னும் பதில் வரவில்லை.

ஆஸ்பத்திரி லேப்:
தனியாகத் தொடங்கச் சொன்னீங்களே, தொடங்கிவிட்டேன். ஒருத்தரும் வரவில்லை.